ஒரு படம் போதாது: தருமபுரி, கிருஷ்ணகிரி பல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக பல் மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் கிளினிக் மேசையின் கீழ் டிராயரில் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை உறை கிடக்கிறது. அதற்குள் இரண்டு எக்ஸ்ரே பிலிம். இரண்டும் ஒரே பையனின் ஒரே பல். மூன்று வார இடைவெளியில் எடுத்தவை. முதல் படத்தில் வேர் முழுசாக, வழுவழுவென்று இருக்கிறது. இரண்டாவதில் அதே வேரின் நடுவில், ஊசி முனையால் கீறின மாதிரி குறுக்கே ஒரு கறுப்புக் கோடு.

முதல் படத்தைப் பார்த்துவிட்டு "முறிவு எதுவும் இல்லை" என்று பையனின் அம்மாவிடம் சொன்னவன் நான்தான். இந்த மடலை எழுத எனக்குள்ள தகுதியும் அதுதான்.

நான் பாலக்கோட்டில் சின்னதாக ஒரு கிளினிக் நடத்துகிறேன். ஒரே ஒரு நாற்காலி, சுவரில் மாட்டிய ஒரு எக்ஸ்ரே மெஷின். அந்தப் பையன் வந்தது பிலிம் காலத்தில், மாங்காய் சீசனில். எட்டாவது படிக்கிற வயசு. தோப்பில் மாங்காய் உலுக்க ஏறி, கிளை முறிந்து விழுந்ததில் வாய் நேராகக் கல்கட்டு வேலியில் பட்டிருக்கிறது. உதடு வீங்கி இரண்டு மடங்கு. மேல் முன்பல், வலது பக்கத்தது, ஈறோரம் கொஞ்சம் ரத்தக் கசிவு. தொட்டால் லேசான ஆட்டம். பல்லின் வெளியே தெரிகிற பாகத்தில் சில்லுகூடப் பெயரவில்லை. ஒரு ஐஓபிஏ, அதாவது வாய்க்குள் பிலிம் வைத்து எடுக்கிற சின்ன எக்ஸ்ரே, எடுத்தேன். கருப்புப் பெட்டிக்குள் கைவிட்டுக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

"பயப்பட ஒண்ணும் இல்லீங்களே சார்?"

"ஒண்ணும் இல்லைம்மா. அடிபட்ட ஆட்டம்தான். ரெண்டு வாரத்துல இறுகிடும்."

மூன்று வாரம் கழித்து அந்த அம்மா பையனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். "பல்லு இறங்கிப் போச்சுங்க சார்." பார்த்தேன். பக்கத்துப் பல்லைவிட ஒரு மில்லிமீட்டர் நீளம். மறுபடி படம் எடுத்தபோதுதான் அந்தக் கோடு தெரிந்தது. பழைய பிலிமை எடுத்து லென்ஸ் வைத்துத் தேடினேன். இல்லை. இன்றைக்கும், அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே பார்த்தாலும், அந்த முதல் படத்தில் எதுவும் இல்லை. ஆகவே நான் படத்தைத் தவறாகப் படித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே படத்தோடு நிறுத்திக்கொண்டேன், அங்கேதான் தப்பு.

ஏன் தெரியவில்லை என்பது உங்கள் எல்லோருக்கும் மூன்றாம் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் பரீட்சைக்குப் படித்ததும் கைக்கு வந்ததும் வேறு வேறு. எனக்கு அது கைக்கு வந்தது ஒரு கரும்பை வைத்து. எங்கள் ஊரில் சர்க்கரை ஆலை இருக்கிறது, கரும்புக்குப் பஞ்சமில்லை. ஒரு துண்டை எடுத்துக் குறுக்கே ஒரே வெட்டாக வெட்டி, இரண்டு பாதியையும் மயிரிழை இடைவெளி விட்டுச் சேர்த்துப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பாருங்கள். வெட்டும் கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தால் நடுவில் வெளிச்சக் கோடு பளிச்சென்று தெரியும். தலையைக் கொஞ்சம் மேலே தூக்குங்கள். கோடு காணாமல் போகும். எக்ஸ்ரேக்கும் அதே கணக்குதான். முறிந்த தளத்துக்கு 15 முதல் 20 டிகிரிக்குள் கதிர் போனால்தான் கோடு விழும். அதைத் தாண்டினால் முன்பாதியின் நிழல் பின்பாதி மேல் விழுந்து, முறிவை மூடிவிடும்.

இப்போது கரும்பைச் சாய்வாக வெட்டிப் பாருங்கள். அதை நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அல்லது முன்பக்க விளிம்பு ஒரு கோடாகவும் பின்பக்க விளிம்பு இன்னொரு கோடாகவும் தெரிந்து, நடுவில் முட்டை வடிவம் விழும். படத்தில் இதைப் பார்த்துவிட்டு "வேர் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது, நொறுங்கிவிட்டது" என்று பல்லைப் பிடுங்கியவர்கள் உண்டு. இரண்டு கோடும் வேரின் இரண்டு ஓரங்களில் வந்து ஒரே புள்ளியில் சேர்ந்தால் அது ஒரே முறிவு. கோணத்தை மாற்றி இன்னொன்று எடுங்கள், இரண்டும் ஒன்றாகிவிடும்.

ஈறுக்குப் பக்கத்தில் வருகிற முறிவு பெரும்பாலும் படுக்கை மட்டமாக இருக்கும். சாதாரண ஐஓபிஏவிலேயே சிக்கிவிடும். வேரின் நுனிப் பக்கம் போகப் போகத்தான் சாய்வு கூடும், அங்கேதான் நாம் ஏமாறுகிறோம். சர்வதேசப் பல் காய மருத்துவச் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதற்காகத்தான் ஒன்றுக்கு மேல் படம் கேட்கிறார்கள்: நேராக ஒரு ஐஓபிஏ, மேலும் கீழும் பக்கவாட்டிலும் கோணம் மாற்றி இரண்டு, பிலிமைக் கடிக்கும் தளத்தில் படுக்க வைத்து எடுக்கிற ஒரு ஆக்லூசல். ஆக்லூசல் பிலிம் இப்போது எத்தனை கிளினிக்கில் இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. பிலிமுக்குப் பதில் சென்சாரில் படம் விழுகிற ஆர்விஜி வந்தபிறகு அது எங்கள் அலமாரியிலும் இல்லை. பரவாயில்லை. இரண்டாம் நம்பர் சென்சாரையே கடிக்கும் தளத்தில் படுக்க வைத்து, ட்யூப்பை மூக்கின் பக்கமிருந்து நல்ல சாய்வாக இறக்கினால் முன்பற்களுக்கு அது ஓரளவு போதும். பிள்ளைகளின் வாய்க்கு அதுவே சரியான அளவும்கூட.

"இத்தனை கதிர்வீச்சா?" என்று கேட்கிற பெற்றோர் இருக்கிறார்கள். நல்ல கேள்விதான். இப்போதைய சென்சாரில் ஒரு சின்னப் படம் தருகிற அளவு, மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு நாளைக்கு நாம் சும்மா வாங்கிக்கொள்கிற அளவையொட்டித்தான் வரும். ரான்ட்கன் 1895 நவம்பரில் இந்தக் கதிரைக் கண்டார். இரண்டே மாதத்தில் ஜெர்மனியில் ஓட்டோ வால்காஃப் என்ற பல் மருத்துவர் தன் வாயிலேயே கண்ணாடித் தட்டை வைத்துக்கொண்டு 25 நிமிஷம் அசையாமல் கிடந்து பல்லைப் படமெடுத்தார். நாம் அரை வினாடியில் முடிகிற இரண்டாவது படத்துக்கு அலுத்துக்கொள்கிறோம். மாலை ஆறு மணிக் கூட்டம் எனக்கும் தெரியும். வெளியே பதினோரு பேர் உட்கார்ந்திருக்கும்போது கோணத்தை மாற்றி ட்யூப்பைத் திருப்ப மனசு வராது. ஆனால் அடிபட்டு வந்த பிள்ளைக்கு மட்டுமாவது மனசு வர வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

படம் எடுப்பதற்கு முன்னால் விரல் இருக்கிறது. அதை ஏன் நாம் மறக்கிறோம் என்று எனக்குப் புரிவதில்லை. இடது ஆள்காட்டி விரலை ஈறின் மேல், வேர் இருக்கிற இடத்தில் மெதுவாக வையுங்கள். வலது கையால் பல்லை முன்னும் பின்னும் அசையுங்கள். பல் முழுசாக ஆடுகிறதா, இல்லை பாதியிலிருந்து மடங்குகிறதா என்று விரலுக்குக் கீழே தெரியும். முறிவு ஈறுக்குப் பக்கத்தில் இருந்தால் ஆட்டம் அதிகம். நுனிக்கு அருகே இருந்தால் ஆட்டமே இருக்காது, தட்டினால் வலி மட்டும் இருக்கும். அந்தப் பையனின் ஈறோர ரத்தம் எனக்குச் சொன்னது. நான் கேட்கவில்லை.

இன்னொன்று, கோடு முதல் நாளில் தெரியாமல் இருப்பதற்குக் கோணம் மட்டும் காரணமில்லை. அடிபட்டவுடன் இரண்டு துண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஒன்றிரண்டு வாரத்தில் இடையில் ரத்தமும் வீக்கமும் சேர்ந்து துண்டுகள் விலகும், முறிந்த விளிம்புகள் கொஞ்சம் கரையும். அப்போது கோடு அகலும். ஆகவே முதல் நாள் நான்கு படமும் சுத்தமாக இருந்தாலும், இரண்டு வாரம் கழித்து ஒரு படம் கட்டாயம். வரச் சொன்னால் வர மாட்டார்கள் என்பீர்கள். உண்மை. காரிமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வலியே இல்லாத பல்லைக் காட்ட யார் வருவார்கள்? நான் இப்போது ஒரு வேலை செய்கிறேன்: "முறிவு இல்லை" என்று சீட்டில் எழுதுவதே இல்லை. "இன்றைய படத்தில் முறிவு தெரியவில்லை. இன்ன தேதியில் மறுபடம்" என்று தமிழில் எழுதி, தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டுத் தருகிறேன். முன்னைவிட அதிகம் பேர் வருகிறார்கள். தேதி பார்த்தால் நம் ஜனங்களுக்கு ஒரு மரியாதை.

இந்த வாசகம் அரசு மருத்துவமனைகளில் உள்ள நண்பர்களுக்கு இன்னும் முக்கியம். அடிதடி வழக்கில் வருகிறவர்களுக்குக் காயச் சான்று எழுதுவது நீங்கள்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 320-ஆம் பிரிவில் எலும்பு முறிவோடு பல் முறிவும் கொடுங்காயம் என்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவிலும் அது அப்படியேதான் இருக்கிறது. பல் உடைந்து தெரிந்தால் யாரும் விட்டுவிடப் போவதில்லை. வெளியே முழுசாக நின்று உள்ளே வேர் முறிந்த பல்தான் "சாதாரணக் காயம்" என்று போய்விடுகிறது. ஒரே படத்தைப் பார்த்து நாம் எழுதுகிற ஒரு வரி, ஒருவருடைய வழக்கை ஒரு படி கீழே இறக்கும். இதற்கு நேர்மாறும் நடக்கும்: இல்லாத முறிவை இருக்கிறது என்று எழுதி இன்னொருவரைச் சிக்கவைப்பது.

இல்லாத முறிவா என்று கேட்பீர்கள். நிறைய உண்டு. தாடை எலும்பின் மேல் விளிம்பு வேரின் கழுத்துக்குக் குறுக்கே விழுந்து கோடு மாதிரி தெரியும். உதட்டின் நிழல் விழும். எலும்புக்குள் ஓடுகிற நுண்குழாய்கள் வேரைக் கடந்து போகும். பிலிமை மடக்கி வைத்த இடத்தில் நகம் பட்டால் பிறை வடிவில் ஒரு கோடு. திரும்பத் திரும்பப் படம் பதிகிற பாஸ்பர் தட்டு தேய்ந்து பழுதாகியிருந்தால், வருகிற ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரே இடத்தில் "முறிவு"! ஒரு தட்டில் அப்படி மூன்று பேருக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சிரிக்கலாம். அந்த மூவரில் ஒருவர் அன்று இரவு தூங்கியிருக்க மாட்டார்.

நான் பார்க்கிற முறை இது. கோடு வேரின் ஓரத்தில் நிற்கிறதா, ஓரத்தைத் தாண்டி எலும்புக்குள் ஓடுகிறதா? தாண்டி ஓடினால் அது வேருடையது கிடையாது. வேரைச் சுற்றி உள்ள மெல்லிய கறுப்பு இடைவெளி, அந்தக் கோடு தொடுகிற இடத்தில் படிபோல உடைந்திருக்கிறதா, வேரின் ஓரமே ஒரு இழை விலகியிருக்கிறதா? அப்படியென்றால் சந்தேகம் வலுக்கிறது. கோணம் மாற்றி எடுத்த படத்தில் கோடு வேரை விட்டு இடம் நகர்ந்தால், அது மேலே விழுந்த வேறு எதோ ஒன்றின் நிழல். ஆர்விஜி மென்பொருளில் கூர்மையாக்கும் பொத்தானை ஒரு எல்லைக்கு மேல் தட்டாதீர்கள். வெள்ளையும் கறுப்பும் சந்திக்கிற இடமெல்லாம் கோடாகிவிடும். வாட்ஸாப்பில் வருகிற எக்ஸ்ரே போட்டோவைப் பார்த்து அபிப்பிராயம் சொல்வதை நான் விட்டு ரொம்ப நாளாயிற்று. பிலிமை ட்யூப்லைட்டில் பிடித்து செல்போனில் எடுத்து, அதை வாட்ஸாப் சுருக்கி, நான் நாலங்குலத் திரையில் விரித்துப் பார்த்து மயிரிழைக் கோட்டைத் தேடுவதா? பிலிமை அனுப்புங்கள், பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால்கூட வந்துவிடும்.

சரி, கோடு உண்மையிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து நம் கை எங்கே போகிறது? பல் பிடுங்குகிற ஃபோர்செப்ஸுக்கு. இதுதான் எனக்கு உண்மையிலேயே ஆற்றாமை. அந்தப் பையனுக்கு நான் மூன்று வாரம் தாமதமாகத்தான் கட்டினேன். பல்லை இயன்றவரை மேலே ஏற்றி, பக்கத்துப் பற்களோடு 0.4 மில்லிமீட்டர் கம்பி வைத்து கம்போசிட்டில் ஒட்டி, நான்கு வாரம். கம்பி கிடைக்காவிட்டால் தூண்டில் நைலான் நரம்பே போதும் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது; ஒகேனக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு அதற்குமா கஷ்டம்? கட்டு இறுக்கமாக இருக்கக் கூடாது, கொஞ்சம் அசைய விட வேண்டும். ஈறுக்குப் பக்கத்து முறிவு என்றால் நான்கு மாதம் வரை கட்டு இருக்கலாம். ஆர்சிடியை, அதாவது உள்நரம்பை எடுத்து வேரை அடைக்கிற சிகிச்சையை, அன்றைக்கே ஆரம்பிக்கக் கூடாது. முதல் நாள் குளிர் வைத்துப் பார்த்தால் பல் பதில் சொல்லாமல் இருக்கலாம். அதிர்ச்சியில் இருக்கிற நரம்பு சில மாதங்கள் மௌனமாக இருந்துவிட்டுத் திரும்பி வரும். பெரும்பாலானவை வரத்தான் செய்கின்றன. நரம்பு செத்தாலும் பெரும்பாலும் ஈறுப் பக்கத்துத் துண்டில்தான். நுனித் துண்டு உயிரோடு இருக்கும். அப்போது கோடு வரை மட்டும் ஆர்சிடி போதும்.

நம் மாவட்டங்களுக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே சொல்ல வேண்டும். புத்தகங்களில் "பல் நிறம் மாறினால் கவனி" என்று இருக்கும். சாம்பலானால் நரம்பு போயிருக்கலாம், மஞ்சளானால் உள்ளே கால்வாய் அடைபடுகிறது என்று. புளூரைடு தண்ணீர் குடித்து வளர்ந்து, முன்பல் வரிசை முழுக்கத் தேக்கு மரப் பட்டை நிறத்தில் இருக்கிற வாயில் எந்தச் சாம்பலை நான் பார்ப்பது? 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தபிறகு பிறந்த பிள்ளைகளிடம் கறை குறைவாகத்தான் என் கண்ணுக்குப் படுகிறது. ஆனால் அதற்கு மூத்தவர்களிடம் நிறத்தை நம்ப முடியாது. அதனாலும் எக்ஸ்ரேயின் மேல் நம் பாரம் கூடுகிறது. முறிவு கண்ட பல்லை 4 வாரம், 6 முதல் 8 வாரம், 4 மாதம், 6 மாதம், ஒரு வருஷம், அப்புறம் குறைந்தது 5 வருஷம் வரை ஆண்டுக்கு ஒரு முறை பார்க்கச் சொல்கிறார்கள். அதில் பாதி நடந்தாலே நம் ஊருக்குப் பெரிய விஷயம்.

அடுத்தது நெடுக்கு முறிவு, வேரின் நீளவாக்கில் விழுகிற விரிசல். இதில் மேலே சொன்னதெல்லாம் தலைகீழ்.

ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் கூடை பிரிக்கிற வேலை பார்க்கும் ஒரு அக்கா. மேல் கடைவாய்க்கு முந்தைய சின்னக் கடைவாய்ப் பல்லில் என்னிடம்தான் ஆர்சிடி செய்து, வேருக்குள் போஸ்ட் என்கிற கம்பி வைத்து, மேலே கேப் போட்டுக்கொண்டார். இரண்டு வருஷம் நன்றாக இருந்தது. அப்புறம் ஈறில் ஒரு சின்னக் கட்டி, அமுக்கினால் சீழ். படம் எடுத்தேன். வேரைச் சுற்றிச் சாம்பல் நிழல். ஆர்சிடி கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டி, கேப்பைக் கழற்றி, போஸ்ட்டை எடுத்து, மறுபடி சுத்தம் செய்து அடைத்தேன். மூன்று மாதத்தில் கட்டி திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவையும் அவருக்கு அரை நாள் கூலி போகும். மூன்றாவது தடவைதான் ஈறுப் பள்ளத்தின் ஆழம் அளக்கிற புரோபை எடுத்தேன்.

கேப்பின் ஓரத்தை ஒட்டி மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நடத்திக்கொண்டு போனேன். 2, 2, 3. கன்னப் பக்கம் நடுவில் வந்ததும் புரோப் வழுக்கிக்கொண்டு 9 வரை இறங்கியது. ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் மறுபடி 3. ஈறு நோயில் பள்ளம் அகலமாக இருக்கும்; இந்த மாதிரி கிணறு தோண்டின கணக்காக ஒற்றை இடத்தில் குறுகி ஆழமாக இருக்காது. கட்டியின் வாயில் வேரடைக்கப் பயன்படுகிற ஒரு மெல்லிய கூட்டாபெர்ச்சா (ஜிபி) முனையை விட்டுப் படம் எடுத்தேன். அது வேர் நுனிக்குப் போகவில்லை, வேரின் பாதியில் பக்கவாட்டில் போய் முட்டி நின்றது. கட்டியே நுனிக்கு நேரே இல்லாமல் ஈறோரத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

பல்லை எடுத்துத் துடைத்து, வேர் மேல் ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் விட்டுக் கழுவினேன். கழுத்திலிருந்து நுனி வரை ஒரு நீலக் கோடு நின்றது. பஞ்சில் வைத்து அவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தக் கோட்டுக்கா சார் மூணு வாட்டி வந்தேன்?" என்றார். இரண்டாவது ஆர்சிடிக்கு வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ள அவர் தயங்கினார், கொடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

முதல் படத்திலேயே அது இருந்தது. கோடு இல்லை, கோட்டை வெள்ளை ஜிபியும் போஸ்ட்டும் மூடியிருந்தன. கோட்டின் அடையாளம் இருந்தது. ஆர்சிடி கெட்டுப்போன பல்லில் கறுப்பு நிழல் நுனியில் உருண்டையாகத் தொங்கும். இந்தப் படத்தில் அது நுனியைச் சுற்றி, வேரின் ஒரு பக்கமாக ஈறை நோக்கி ஏறிக்கொண்டு வந்தது, ஆங்கில ஜே எழுத்து மாதிரி. சில பற்களில் வேரையே ஒளிவட்டமாகச் சுற்றி நிற்கும். சில படத்தில் வேரடைப்புக்கும் வேர்ச் சுவருக்கும் இடையில் முன்பு இல்லாத ஒரு கறுப்பு இடைவெளி. துண்டுகள் விலகிக் கோடே கண்ணுக்குத் தெரிகிற நிலைக்கு வரும்போது எலும்பு நிறையப் போயிருக்கும். ஆர்சிடி செய்த பல்லில் குறுகிய ஒற்றைப் பள்ளமும் சீழ்த் துளையும் சேர்ந்து வந்தால் நெடுக்கு முறிவு என்றே நினைத்து ஆரம்பிக்கலாம் என்பது அமெரிக்க வேர்ச் சிகிச்சை நிபுணர் சங்கமும் சொல்கிற வழி. மேல் சின்னக் கடைவாய்ப் பற்கள், கீழ்க் கடைவாய்ப் பல்லின் முன்வேர் என்றால் இன்னும் கூடுதல் சந்தேகம். ஒற்றை வேர்ப் பல்லில் நெடுக்கு முறிவு உறுதியானால் எடுப்பதைத் தவிர வழி குறைவு. பல வேர் என்றால் முறிந்த வேரை மட்டும் வெட்டி எடுத்துப் பார்க்கலாம். எதுவானாலும் மறுபடி ஆர்சிடி, புதுக் கேப் என்று அவர்கள் கூலியைத் தின்ன வேண்டாம்.

"சிபிசிடி எடுத்தால் தெரிந்துவிடுமே?" இளம் நண்பர்கள் உடனே கேட்பது இந்த முப்பரிமாண ஸ்கேனைத்தான். தருமபுரிக்காரர்கள் சேலத்துக்கு அனுப்புகிறார்கள், ஓசூர்க்காரர்கள் பெங்களூருக்கு. அடிபட்ட, வேரடைப்பு இல்லாத முன்பல்லில் ஐஓபிஏக்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால், முறிவு எந்தப் பக்கம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறுமானால், அனுப்புங்கள். அங்கே அதற்கு நிகர் இல்லை. ஆர்சிடி செய்து போஸ்ட் வைத்த பல்லுக்கு அனுப்புவதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள். உலோகமும் ஜிபியும் கதிரைச் சிதறடித்து வெள்ளை, கறுப்புக் கீற்றுகளை வீசும். கீற்று ஒன்று வேர்ச் சுவரில் விழுந்தால் அச்சு அசல் முறிவுதான். படத்தின் ஒரு புள்ளியைவிட மெல்லிய விரிசலோ தெரியவே தெரியாது. நோயாளி பணமும் பஸ் செலவும் செய்து வாங்கி வருகிற படம் உங்களுக்குப் பதில் சொல்லும் என்று அவர் நம்புகிறார். புரோப் அதற்கு முன்னால் சொல்லிவிடும், செலவில்லாமல்.

தொப்பூர் கணவாயில் விபத்து நடந்தால் கை, கால், தலை பார்த்து முடித்துத்தான் வாய்க்கு வருவார்கள். அது நியாயம்தான். தை பிறந்தால் கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாக்கள், வாயில் முட்டுப் பட்டவர்கள் வரிசையாக வருவார்கள். இவர்களில் பாதிப் பேர் பல் மருத்துவரிடம் வரும்போது ஒரு மாதம் ஆகியிருக்கும். அவர்களுக்கு முதல் படத்தை எடுப்பது யாரோ, ஆனால் "இரண்டு வாரம் கழித்து வா" என்று சொல்லியிருக்க வேண்டியவர்கள் நம்மில் ஒருவராக இருந்திருக்க வேண்டும். விபத்துப் பிரிவில் உள்ள மருத்துவர்களிடம், உதடு கிழிந்து தைக்கிற எவரையும் பல் ஆடாவிட்டாலும் நம்மிடம் ஒரு தடவை அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். நான் எங்கள் பக்கம் கேட்டுப் பார்த்தேன். மறுக்கவில்லை.

நம் சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாதக் கூட்டத்தில் கம்பெனிக்காரர்கள் வந்து இம்ப்ளான்ட் பற்றிப் படம் காட்டுகிறார்கள், சாப்பாடும் நன்றாகத்தான் இருக்கிறது. அதில் ஒரு கூட்டத்தை எனக்குக் கொடுங்கள். பேச்சாளர் வேண்டாம், பெரிய திரையும் வேண்டாம். எக்ஸ்ரே பார்க்கிற வெளிச்சப் பெட்டி ஒன்று போதும். ஒவ்வொருவரும் தாங்கள் கோட்டை விட்ட ஒரு படத்தை, இல்லாத கோட்டைக் கண்ட ஒரு படத்தை, நோயாளி பெயரை மறைத்துக் கொண்டுவர வேண்டும். யார் எடுத்தது என்று யாரும் கேட்கக் கூடாது. முதலில் என் கல்யாணப் பத்திரிகை உறையைப் பிரிக்கிறேன்.

அந்தப் பையன் இப்போது கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையில் வேலை பார்க்கிறான். போன வருஷம் வேறு பல்லுக்காக வந்தான். பழைய பல்லையும் எடுத்துப் பார்த்தேன். கோடு இன்னும் இருக்கிறது, ஓரங்கள் மழுங்கி, மெலிந்து. பல் ஆடவில்லை. பக்கத்துப் பல்லைவிட அதே ஒரு மில்லிமீட்டர் நீளம். சிரிக்கும்போது தெரியும், தெரிந்தவனுக்கு மட்டும்.

அன்புடன்,
பாலக்கோட்டிலிருந்து உங்கள் சகா